மதிலுக்கு உள்ளும் புறமும்

ஐந்து மாதங்களுக்கு மேல் கடலில் அலைக்கழிந்து, 1820-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளில் வந்திறங்கிய அமெரிக்கப் பாதிரிமார், எழுத்தே இல்லாதிருந்த அத்தீவுவாசிகளின் பாஷைக்குப் பன்னிரண்டே எழுத்துக்களை வகுத்து, அச்சுக்கூடம் நிறுவி, 1839-இல் வேதாகமம் முழுவதையும் அதிலே பெயர்த்து முடித்த சாமர்த்தியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், கர்த்தருடைய வசனத்தைச் சுமக்க எந்தப் பாஷை யோக்கியதை உடையதென்று நிச்சயித்தார்களோ, அதே பாஷை தங்கள் குழந்தைகளின் காதில் விழுந்தால் மட்டும் ஆத்மா கெட்டுப்போகும் என்று அவர்களுக்கு ஒரு பயம்.

கைலுவா என்ற ஊரில், அந்தப் பாதிரிமாரில் ஒருவரின் மனைவியான லூசி தர்ஸ்டன் அம்மையார், வீட்டைச் சுற்றிக் கல்மதில் எழுப்பி, உள்ளே பிள்ளைகளுக்கென்று தனி முற்றம் ஒதுக்கி, ஊர்ப்பேச்சு எட்டாதபடி தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த முற்றத்தைத் தாண்டியதும் ஊர்ப் பெண்களுக்கும் அவரே உபாத்தியாயினி. (வாசற்படியில் செருப்போடு பாஷையையும் கழற்றி மாட்டவேண்டியிருந்திருக்கும், பாவம்!)

மதிலையும் நம்பாத பெற்றோர், பால்மணம் மாறாத குழந்தைகளைக் கப்பலேற்றி, தென் அமெரிக்க முனையைச் சுற்றிக்கொண்டு நியூ இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பாதிரிக் குழுவின் தலைவர் ஹைரம் பிங்ஹாமின் மகள் சோபியா 1828-இல் அப்படிப் போனபோது அவளுக்கு ஏழெட்டு வயது. பிறகு, பாதிரிப் பிள்ளைகளுக்கென்று தீவுகளிலேயே, புனஹோவில் ஒரு பள்ளிக்கூடம் 1841-இல் ஸ்தாபிக்கப்பட்டது. தீவுவாசிகளுக்கு லஹைனாலூனாவில் பள்ளி திறந்து அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது.