பீடித் தட்டும் செல்போனும்

என் அம்மா பீடி சுற்றியவர். அன்று முக்கூடல் பக்கத்து ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை பீடித் தட்டு இருக்கும். அம்மாவின் கை இலையைச் சுருட்டும். வாய் எங்களோடு பேசும்.

"எய்யா, இந்தக் கட்டுல எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லு பாப்போம்."

இருபதுக்கு மேல் நான் தடுமாறுவேன். அம்மா எடுத்துக் கொடுக்க மாட்டார், காத்திருப்பார். "இருபத்திநாலா? அப்ப ஒண்ணு எங்க போச்சு?" கட்டுக்கு 25 பீடி. பள்ளிக்கூடம் போகும் முன்பே கழித்தல் கணக்கு எனக்கு அப்படித்தான் வந்தது.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அதே திண்ணையில் புகையிலைத் தூசியும் பறந்தது. "பெரியவங்க பேசுறப்ப உனக்கென்ன வாயி?" என்ற அதட்டலில் எத்தனையோ கேள்விகள் தொண்டையிலேயே நின்றன.

இன்று எங்கள் உறவு வீடுகளில் குழந்தைகளை யாரும் அப்படி அதட்டுவதில்லை. ஆனால் சோறூட்டும் நேரத்தில் செல்போன் முன்னால் வந்துவிடுகிறது. வேலைக்குப் போய்க் களைத்து வரும் தாய்க்கு வேறு துணை இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. "நிறமெல்லாம் சொல்லித் தருதே" என்கிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கூல் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான ஆய்வு அது. ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து, 12 முறை பேசி விளையாடினார்கள். குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் வந்தபோது ஒன்றும் கற்கவில்லை. 2 வயது ஆகாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் சொல்லிவிட்டது.

காரணம் எளிது. திரை பேசும், ஆனால் குழந்தை எதைப் பார்க்கிறது என்று கவனிக்காது. அதன் "ங்கா"வுக்குப் பதில் சொல்லாது. குழந்தை ஒன்று சொல்ல, நாம் ஒன்று சொல்ல, அது மறுபடி யோசித்துச் சொல்லும் அந்த மாறிமாறிப் பேச்சில்தான் மொழியும் நினைவும் கவனமும் வலுப்பெறுகின்றன.

வெங்காயம் உரிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பிள்ளையிடம் ஏதாவது கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். மழலையாக வந்தாலும் மறுமொழி சொல்லுங்கள். அதற்குக் காசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.