நீர்யானைக்கு நாற்பது நிமிடம்

தாயம் ஆடித் தோற்றவர் சொல்ல ஒரு சாக்கு உண்டு: கட்டை சரியாக விழவில்லை. செஸ் ஆடித் தோற்றவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. 32 காய்களும் கண்ணெதிரே நிற்கின்றன. மறைத்துவைக்கச் சீட்டு இல்லை, உருட்டக் கட்டை இல்லை. அதனால் இந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை என்று செஸ் பிரியர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். வேலையில்லாத அதிர்ஷ்டம் வீட்டுக்குப் போய்விடுமா என்ன? பலகைக்குள் விடாவிட்டால் போகிறது என்று ஆடுபவரின் நாற்காலியோரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் அது விஸ்வநாதன் ஆனந்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஆனந்துக்கு அப்போது 18 வயது. எதிரே கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டா. ஐந்தாவது நகர்த்தலில், நடுப்பலகையில் நின்ற தன் குதிரைக்குத் துணையாக ஆனந்த் ஒரு பிஷப்பைக் கொண்டுவந்து வைத்தார். சபாட்டா தன் ராணியை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி ராஜாவுக்கு முன்னால் நிறுத்தினார். அவ்வளவுதான், கதை முடிந்தது. வெள்ளை ராணி, ஆனந்தின் குதிரை, அதற்குப் பின்னால் ஆனந்தின் ராஜா என மூன்றும் ஒரே நேர்கோட்டில். குதிரை நகர முடியாது; நகர்ந்தால் ராஜா அகப்படுவார். நின்றாலோ அடுத்ததாக ஒரு சிப்பாய் வந்து அதை வெட்டக் காத்திருக்கும். காப்பாற்றக் கறுப்பு ராணி குறுக்கே வந்தால் வெள்ளைக் குதிரை பாய்ந்து அந்த ராணியையே விரட்டும். ஆறாவது நகர்த்தலோடு ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இதில் வேடிக்கை, அந்த பிஷப் நகர்த்தல் ஆனந்தின் சொந்தச் சரக்கு அல்ல என்பதுதான். அதற்கு முந்தைய ஆண்டு சான்ஃபிரான்சிஸ்கோவில் டோனி மைல்ஸும் லாரி கிறிஸ்டியன்சனும் மோதியபோது கிறிஸ்டியன்சன் அதே இடத்தில் அதே பிஷப்பை வைத்தார். மைல்ஸ் ராணியைத் தொடவில்லை. 20 நகர்த்தல்களில் ஆட்டம் டிரா. கைகுலுக்கிவிட்டுப் போகும் எண்ணத்தில்தான் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள் என்று செஸ் உலகில் பேச்சு. அந்த ஆட்டம் அச்சேறியது. ஆனந்தின் கண்ணிலும் பட்டது. அச்சில் வந்துவிட்டால் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பும் வழக்கம் சாமானியர்களுக்கு மட்டும் உரியதல்ல போலிருக்கிறது. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரும் ஆறே நகர்த்தல்களில் தோற்ற ஆனந்தும் அந்த 1988-இல் ஒரே ஆள்தான்.

அதிர்ஷ்டம் எப்போதும் காலை வாரிவிடுவதில்லை. சில சமயம் சம்பந்தமே இல்லாத ஒருவரைத் தூக்கி மேடையில் ஏற்றிவிடும். ஃபெர்னாண்டோ சாவேத்ரா ஸ்பெயினில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். 1895-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்தார். செஸ்ஸில் ஆர்வம் உண்டு, பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. அவ்வூர் வார இதழில் ஜார்ஜ் பார்பியே என்பவர் எழுதிவந்த செஸ் பகுதியில் ஒரு புதிர் வந்தது. வெள்ளைக்கு ராஜாவும், ராணியாக மாற ஒரே அடி பாக்கியிருக்கும் ஒரு சிப்பாயும். கறுப்புக்கு மூலையில் ஒண்டிக்கொண்ட ராஜாவும் ஒரு யானையும். முடிவு டிரா என்பது பார்பியேயின் தீர்ப்பு.

தீர்ப்புக்குக் காரணம் ஓர் அழகான சூழ்ச்சி. சிப்பாய் ராணியானதும் கறுப்பு யானை வலியப் போய் அதன் வாயில் விழுந்து செக் சொல்லும். ராணி அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர ஒரு கட்டமும் இல்லை. ஸ்டேல்மேட். பாதிரியார் இதைப் பார்த்துவிட்டு, ராணி எதற்கு, சிப்பாயை யானையாக மாற்றினால் போதுமே என்றார். யானைக்குக் குறுக்குப் பார்வை கிடையாது. அதனால் கறுப்பு ராஜாவுக்கு ஒரு கட்டம் மிச்சமாகிறது, ஸ்டேல்மேட் தந்திரம் பலிக்காது. அதோடு ஓரத்து வரிசையில் மேட் அச்சுறுத்தலும் சேர்ந்துகொள்கிறது. அதைத் தடுக்கக் கறுப்பு யானை ஓடிவந்தால் வெள்ளை ராஜா ஒரே ஓர் எட்டு வைக்கிறார்: அந்த யானைக்கும் ஆபத்து, இன்னொரு பக்கம் மேட்டும் தயார். இரண்டையும் சேர்த்துத் தடுக்க வழியில்லை. பெரிய காய் கிடைக்கும்போது சிறிய காயைக் கேட்டு வாங்கியவர் துறவறம் பூண்டவர் என்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். எத்தனையோ மாஸ்டர்களின் நூற்றுக்கணக்கான வெற்றிகள் மறந்துபோய்விட்டன. இவர் பெயர் இந்த ஒற்றை நகர்த்தலால் நிலைத்துவிட்டது. அது இன்றும் 'சாவேத்ரா நிலை'தான்.

எண்கள் செய்யும் குறும்பு தனி ரகம். முதல் உலகச் சாம்பியன் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் 1900-இல் இறந்தபோது அவருக்கு வயது 64. பாபி ஃபிஷர் 2008-இல், தான் பட்டம் வென்ற அதே ரெய்க்யவிக் நகரில் இறந்தபோது வயது 64. பலகையில் உள்ள கட்டங்களின் எண்ணிக்கையைச் சொல்லத் தேவையில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்ற சென்னைப் பையன் குகேஷ் 18-வது உலகச் சாம்பியன், அப்போது வயது 18. நியூமராலஜிக்காரர்கள் இதை இன்னும் முழுசாகக் காசாக்கவில்லை என்பது ஆச்சரியம்தான்.

காரணமில்லாத காரியம் கிடையாது என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் உண்டு. 1972-இல் ரெய்க்யவிக்கில் நடந்த அந்த உலகப் பட்டப் போட்டியில் ஃபிஷரிடம் பின்தங்கிய ஸ்பாஸ்கியின் தரப்பு, அரங்கில் ஏதோ மின்கருவியோ ரசாயனமோ வைத்து எங்கள் ஆளைக் குழப்புகிறார்கள் என்று புகார் கொடுத்தது. நாற்காலிகளை எக்ஸ்ரே எடுத்தார்கள். விளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். கிடைத்தவை இரண்டு செத்த ஈக்கள். ஆறு வருடம் கழித்து பிலிப்பைன்ஸின் பாகியோவில் நடந்த பட்டப் போட்டியில், ஆட்டத்தின் நடுவே கார்ப்போவுக்கு வந்த ஒரு கோப்பைத் தயிரில் ரகசியச் சேதி இருக்கலாம் என்று கோர்ச்னாய் தரப்பு எழுதிக் கொடுத்தது. நடுவர் குழுவும் கூடிப் பேசி, தயிர் வரவேண்டிய நேரத்தை நிர்ணயித்தது.

சோவியத் ஆட்டக்காரர் மிகாயில் டால் ஆடும்போது அவர் தலைக்குள் எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதைவிடச் சுவையான பொருள் சிக்கியிருக்கும். கீவ் நகரில் நடந்த சோவியத் சாம்பியன்ஷிப்பில் வாசியுகோவுக்கு எதிராக ஒரு குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கணக்குக் கிளைவிட்டுக் கிளைவிட்டு எங்கோ போனது. அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தைப் பாட்டு நினைவுக்கு வந்தது: சேற்றில் சிக்கிய நீர்யானையை இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதன் விஷயம். டால் குதிரையை விட்டுவிட்டார். நீர்யானையை எப்படி வெளியே எடுப்பது? ஜாக்கி வைக்கலாமா, நெம்புகோல் போடலாமா, ஹெலிகாப்டர் வரவழைக்கலாமா? எதுவும் சரிப்படவில்லை. கிடந்து மூழ்கட்டும் என்று கைவிட்டார். நீர்யானை மறைந்ததும் பலகை பளிச்சென்று தெரிந்தது. கணக்குப் போட்டு மாளாது, ஆடிப் பார்த்துவிடுவோம் என்று குதிரையைக் கொடுத்தார். ஜெயித்தும்விட்டார்.

மறுநாள் செய்தித்தாளைப் பிரித்து மகிழ்ச்சியோடு படித்ததாக அவரே பின்னாளில் எழுதினார். 40 நிமிடம் ஆழ்ந்து சிந்தித்து, துல்லியமாகக் கணக்கிட்டுக் குதிரையைப் பலியிட்டார் டால் என்று அதில் போட்டிருந்தது.