மணியடக்கி

காலிங் பெல் இருக்கும்போதே விரலை மடக்கிக் கதவைத் தட்டுகிறவர் எங்கள் உறையூர் அடுக்ககத்தில் ஒரே ஒருவர்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. திறந்தேன். வேட்டி, கைவைத்த பனியன், அக்குளில் நீளமான ஒரு கணக்கு நோட்டு.

“தம்பி, உங்க கம்ப்யூட்டர் ராத்திரி அப்கிரேட் ஆச்சா?”

தெருவில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டால் மற்ற வீடுகளுக்குப் போய் விசாரிப்பார்களே, அந்தக் குரல்.

“இன்னும் திறக்கலையே சார்.”

“திறந்து பாருங்க. எனக்கு எல்லாம் திரும்பி வந்துடுச்சு.”

எல்லாம் என்றால் மணிகள். மெயில் வந்தால் ஒரு மணி, காலண்டர் நினைவூட்ட ஒரு மணி, மழை வரலாம் என்பதற்கு ஒன்று, வைரஸைத் தேடிப் பார்த்தேன், எதுவும் இல்லை என்பதற்கு ஒன்று. ஆறு மாதம் பாடுபட்டு ஒவ்வொன்றின் வாயையும் கட்டி வைத்திருந்தார். ராத்திரி அவர் தூங்கும்போது சிஸ்டம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டுவிட்டது. காலையில் திறந்தால் அத்தனையும் ஜாமீனில் வெளிவந்து, திரையின் வலது ஓரத்தில் வரிசையாக நின்று வணக்கம் வைத்தனவாம்.

இந்த வகை மனிதருக்கு நான் வைத்திருக்கும் பெயர் மணியடக்கி. ஆபீசுக்கு ஒருவர், குடும்பத்துக்கு ஒருவர் எப்படியும் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். பஸ்ஸில் எங்கோ ‘டிங்’ என்று கேட்டால் நாற்பது பேர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் தொடமாட்டார், தலையைத் திருப்பி அந்த போனுக்கு உரியவரைத் தேடுவார். அவர்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் போன் மூன்று முறை கூவினால், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், “கொஞ்சம் குடுங்க, சரி பண்ணித் தர்றேன்” என்று இடது கையை நீட்டுவார். கொடுத்தவர்கள் உண்டு. பாயசம் வருவதற்குள் பதினோரு ஆப் ஊமையாகியிருக்கும்.

திரையில் எந்தப் பெட்டி எழும்பினாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பட்டனைத் தொடுவார். அதிலும் அவருக்கு ஒரு குறை. “‘வேண்டாம்’னு ஒரு பட்டன் எங்கேயாவது இருக்கா பாருங்க. ‘இப்போ வேண்டாம்’னுதான் இருக்கு. பொண்ணு கேட்டு வந்தவன்கிட்ட ‘இப்போ வேண்டாம்’னு சொன்னா, அவன் திண்ணையிலேயே பாயை விரிச்சுடமாட்டானா?”

எங்கள் மணியடக்கியைக் குடியிருப்பில் ‘தந்தி சார்’ என்பார்கள். முப்பத்தேழு வருஷம் தந்தி ஆபீஸில் இருந்தவர். மோர்ஸ் கட்டையில் தட்டத் தொடங்கி, டெலிபிரிண்டரைப் பார்த்து, 2008-ல் ஓய்வு பெற்றார். 2013 ஜூலை 15-ஆம் தேதியிலிருந்து நாட்டில் தந்தியே இல்லை என்று ஆனபோது, இவர் வீட்டுக்கு நாலைந்து பேர் துக்கம் விசாரிக்கவே போனோம். காபி கொடுத்தார்.

அந்தத் தந்தி ஆபீஸ்தான் இவரைக் கெடுத்தது என்பது என் கணிப்பு. அங்கே செய்திக்கு விலை இருந்தது, வார்த்தைக்கு இவ்வளவு என்று. ஆர்டினரி என்றும் எக்ஸ்பிரஸ் என்றும் வரிசை இருந்தது. கொஞ்சம் சிக்கனம் வேண்டுமென்றால், வாழ்த்து வாசகங்களுக்கு எண் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணைக் கொடுத்தால் போதும், அந்தப் பக்கம் முழு வாழ்த்தாகப் போய்ச் சேரும். தந்திக்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே, பிரித்துப் படிக்கும் முன் ஒப்பாரி வைத்த வீடுகள் உண்டு. “பையன் பாஸ்னு தந்தி வந்திருக்கும். அதைப் படிச்சுச் சொல்றதுக்குள்ள பாட்டி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு மூணு பேரைக் கொன்னிருப்பாங்க” என்பார். அப்படி ஒரு மரியாதையை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிய மனிதரிடம் போய், ‘உங்கள் பழைய புகைப்படங்களிலிருந்து ஒரு நினைவு தயார்’ என்று மணியடித்தால் என்ன ஆகும்?

நோட்டு ஆகும்.

அந்த நோட்டை ஒரு முறை முழுதாகப் புரட்டிப் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நாலு கட்டங்கள்: தேதி, இடம், செய்தது, கெட்டது. ‘இடம்’ என்ற கட்டத்தில் வழி எழுதியிருக்கும். ‘செட்டிங்ஸ் → சிஸ்டம் → நோட்டிஃபிகேஷன்ஸ் → கடைசி வரை கீழே போகவும் → இன்னும் கீழே.’ மலைக்கோட்டை ஏறப்போகிறவருக்குப் படி எண்ணிச் சொல்வது போல. மணி ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பது அந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. சிஸ்டத்தின் பொதுப் பட்டியல் ஒன்று. அதற்குள் ஆப் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, கதவுக்குள் பேனர், ஒலி, பூட்டுத் திரை என்று தனித்தனித் தாழ்ப்பாள். பிரவுசரில் எந்தெந்தத் தளத்துக்கு ‘அனுமதி’ கொடுத்தோம் என்பது வேறு கணக்கு. ஒலிகளுக்கென்று பழைய காலத்துப் பலகை ஒன்று பின்கட்டில் தனியாகக் கிடக்கிறது. மொத்தம் 43 வரிகள். அநேகமாக எல்லாவற்றிலும் ‘செய்தது: அணைத்தாச்சு’ என்று நீல மை.

ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இடம்: ‘அப்டேட் முடிந்ததும் வரவேற்புத் திரை காட்டுக.’ செய்தது: ‘டிக் எடுத்தாச்சு.’ கெட்டது, சிவப்பு மையில்: ‘அப்டேட் முடிந்தது. வரவேற்றது.’

ஏன் இப்படி ஆகிறது என்று ஒரு நாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உட்கார வைத்து விளக்கினார். அதில் விஷயமும் இருந்தது.

“சின்ன அப்டேட்னா வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி தம்பி. சாமானைக் கொஞ்சம் நகர்த்துவான், திரும்ப வெச்சுடுவான். பெரிய அப்கிரேட் அப்படி இல்ல. பக்கத்துலயே புது வீடு கட்டி, பழைய வீட்டுச் சாமானை அங்கே மாத்துறான். பீரோ போயிடும், கட்டில் போயிடும். போட்டோ, ஃபைல் எதுவும் போகாது. ஆனா நிலைப்படிக்குப் பின்னால ஒரு ஆணி அடிச்சு சாவி மாட்டி வெச்சிருந்தோமே, அது? லிஸ்டுல இருக்கிற சாமானைத்தான் ஆள் தூக்குவான். ஆணி லிஸ்டுல இல்ல.”

“பேர் மாறினாலும் தொல்லை. போன வருஷம் இருந்த மெயில் ஆப்பைத் தூக்கிட்டு வேற பேர்ல வேற ஒண்ணு வெச்சான்னு வைங்க. நாம வாயைக் கட்டினது பழைய ஆளுக்கு. இவன் புது ஆள். புது ஆளுக்கு மணியடிக்க உரிமை உண்டுன்னு சட்டம். மணியை அடக்குற வசதிக்கே பேர் நிக்கலை தம்பி. முதல்ல ‘அமைதி நேரம்’னான், 2018-ல ‘கவன உதவி’ன்னான், 2022-ல ‘தொந்தரவு செய்யாதே’ன்னான். அடுத்து என்ன, ‘காலில் விழுகிறேன்’ஆ?”

இந்த இடத்தில் என் பங்குக்கு ஒரு கதை சொன்னேன். 1980-ல் அமெரிக்காவில், பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன நிரல் எழுதினார்கள். மெயில் வந்தால் திரையில் சொல்லும். அதற்கு ‘பிஃப்’ என்று பேர். அந்த வளாகத்தில் எல்லோருக்கும் செல்லமாக இருந்த ஒரு நாயின் பேர் அது. தபால்காரரைப் பார்த்தால் குலைக்கும் என்பதால் அதன் பேரை வைத்தார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாள் உலவி, பிறகு அது கட்டுக்கதை என்றும் ஆகிவிட்டது. ஆனால் நிரல் வேலை செய்த விதம் கட்டுக்கதை அல்ல. ‘பிஃப் ஒய்’ என்று தட்டினால் இனி மெயில் வந்தால் சொல்லும். ‘பிஃப் என்’ என்று தட்டினால் சொல்லாது.

தந்தி சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “நாம எதுவுமே தட்டலைன்னா?”

“சும்மா படுத்திருக்கும் சார்.”

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நல்ல நாய்” என்றார். “குலைன்னு சொன்னாத்தான் குலைக்கும். இப்ப இருக்கிறது…” என்று ஆரம்பித்தவர், உள்ளே மனைவி இருப்பது ஞாபகம் வந்து வாக்கியத்தை முடிக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘பிஃப், 1980’ என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

அவர் வழக்கு அவ்வளவுதான். கேட்டால் கொடு, கேட்காமல் கூவாதே. போனில் இந்த நியாயம் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது. ஐபோன் 2009-ல் இந்த மணிகளைக் கொண்டுவந்தபோதே ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்க வேண்டும் என்று வைத்தது. ஆண்ட்ராய்டு அந்த இடத்துக்கு வந்து சேர 2022 ஆனது, அதாவது ஆண்ட்ராய்டு 13. அந்தச் செய்தியை நான் சொன்ன அன்று சாருக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. ஆனால் அவர் போன் பழையது. “எனக்கு அப்கிரேட் வேணும்” என்று அவர் வாயிலிருந்து வந்ததை டீச்சர் அன்றுதான் முதல்முறை கேட்டார்.

டீச்சர் என்பது அவர் மனைவி. நகராட்சிப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கம்ப்யூட்டரிலும் போனிலும் எல்லா மணியும் எல்லா நேரமும் அடிக்கும். எதையும் திரும்பிப் பார்க்கமாட்டார். முப்பத்திரண்டு வருஷம் மூன்றாம் வகுப்பில் அறுபது பிள்ளைகளுக்கு நடுவில் நின்றவருக்கு, ஓரத்தில் ஒரு ‘டிங்’ எந்த மூலைக்கு? “நானும் இதோட கத்துறேன், அதுவும் கத்துது. ரெண்டு பேருல யார் முதல்ல ஓய்றோம்னு பார்ப்போம்” என்பார். சார் அதை ஒரு கொள்கையாகவே ஏற்பதில்லை.

கொள்கைக்கு விலையும் கொடுத்திருக்கிறார். ஒரு முறை காஸ் சிலிண்டர்க்காரர் கீழே நின்று ஓடிபி கேட்டு மூன்று முறை கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். சார் போன் மேஜையில், முகம் கவிழ்த்து, தவத்தில் இருந்தது. இரண்டு நாள் எங்கள் வீட்டிலிருந்துதான் அவர்களுக்குக் காபி போனது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்க வந்த சார் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. “அது என் தப்பு இல்ல தம்பி. அத்தனை குப்பையோட அதையும் ஒரே சாக்குல கட்டினது யாரு? எக்ஸ்பிரஸ் எது, ஆர்டினரி எதுன்னு அனுப்புறவன்ல பிரிக்கணும்!”

நவம்பர் வந்தால் அவர் வாதத்துக்குப் புதுத் தெம்பு வரும். அது பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்று கொடுக்கிற மாதம். 2014-லிருந்து ஜீவன் பிரமாண் என்று அதையும் கம்ப்யூட்டர் வழியாகவே கொடுக்கலாம். விரலை வைத்தால் போதும், இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று பதிவாகிவிடும். விரல் வைத்துவிட்டு வந்த ஒரு சாயங்காலம் சொன்னார்:

“போன நவம்பர்ல உயிரோட இருந்தேன்னு சொல்லியாச்சு. இந்த நவம்பர்ல திரும்பச் சொல்லணும். அதுல நியாயம் இருக்கு. எனக்கு நடுவுல ஏதாவது ஆகியிருக்கலாம். ஆனா அமைதி வேணும்னு சொன்னவனுக்கு நடுவுல என்ன ஆகும்? திடீர்னு சத்தம் வேணும்னு தோணிடுமா?”

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் அப்படித்தான் நினைக்கிறது போலும் என்றேன்.

போன மாதம் மறுபடியும் ஒரு பெரிய அப்கிரேட். ஞாயிறு காலை ஆறரைக்குக் கதவு தட்டப்படும் என்று காத்திருந்தேன். தட்டப்படவில்லை. ஏழானது, எட்டானது. மனசு கேட்காமல் நானே போனேன்.

சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நோட்டு திறந்திருந்தது. சிவப்புப் பேனா மூடி கழற்றாமல் கிடந்தது.

“ஒண்ணுமே மாறலை தம்பி.”

“நல்லதுதானே சார்!”

“43-ம் பார்த்துட்டேன், ரெண்டு தரம். எல்லாம் அணைஞ்சது அணைஞ்சபடியே இருக்கு. வரவேற்புகூட வரலை.”

பரீட்சைக்குக் கண் விழித்துப் படித்துவிட்டுப் போனவனிடம் இன்று லீவு என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தார். சிறிது நேரம் மானிட்டரின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

“அணைஞ்சுதான் இருக்கா, இல்ல மணியே வேலை செய்யலையா? ரெண்டும் ஒண்ணு இல்லியே. லைன் டெஸ்ட் பண்ணாம எப்படித் தெரியும்?”

சொல்லிக்கொண்டே செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று இறங்கி, மெயில் ஆப்பின் ஒலியை மட்டும் தன் கையாலேயே திறந்துவிட்டார். “உங்க போன்லேர்ந்து எனக்கு ஒரு மெயில் போடுங்க. ரெண்டு வார்த்தை போதும்.”

பழக்கதோஷம், வார்த்தையை எண்ணினார். ‘நலமா சார்’ என்று அனுப்பினேன். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிங்.

அடுக்களையிலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார். “என்ன, வந்துடுச்சா?”

“வந்துடுச்சு, வந்துடுச்சு” என்றார் தந்தி சார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, மணி பார்த்து, நோட்டில் புதுப் பக்கத்துக்குக் கோடு போட ஸ்கேலைத் தேடினார்.