சோழகத்துக்கு லீவு தெரியாது

வா மருமோனே, இரு. சிநேகிதர்மார் ஆறு பேராய்ச் சேர்ந்து, குறிகட்டுவானிலை இருந்து நெடுந்தீவுக்குப் பாய் விரிச்சு வெளிக்கிடப் போறியளாம், மாமி சொன்னா. மெத்தச் சந்தோசம். கேட்ட நேரம் தொடக்கம் உங்களுக்காக அம்மாளாச்சிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறன்.

ஆடி மாசம் நாள் வைச்சியள் பார், அது கெட்டித்தனம். டொரண்டோவிலை பள்ளிக்கூட லீவு அப்பதானே. சோழகத்துக்கும் ஒரு கடிதம் போட்டிருப்பியள், கொஞ்சம் அடங்கி வீசும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் தென்மேற்காலை ஊதுற காத்து அது. நெடுந்தீவு எந்தப் பக்கம் கிடக்கு? குறிகட்டுவானுக்குத் தென்மேற்கை. அப்ப காத்தின்ரை வாய்க்குள்ளை போகப் போறியள். பாய் வள்ளம் காத்துக்கு நேரே ஓடாது ராசா. இஞ்சாலை ஒரு இழுவை, அங்காலை ஒரு இழுவை எண்டு, கள்ளுக்கொட்டிலாலை வீட்டை வாற உன்ரை பெரியப்பா மாதிரிக் கோணிக் கோணித்தான் போகும். மோட்டர்ப் படகு ஒரு மணித்தியாலம் மட்டிலை போற தூரத்துக்கு நீங்கள் மத்தியானச் சோறும் கட்டவேணும். திரும்பேக்கை அதே காத்து முதுகிலை கை வைச்சுத் தள்ளிவிடும். அதாலை, வாறதை முதலும் போறதைப் பிறகும் வைச்சால் சுகம். உன்ரை கொம்பியூட்டரிலை அதுக்கு வழி இருக்கோ எண்டு பார்.

அது சரி, ஆர் தண்டையல்? ஆறு பேரும் கூடிக் கதைச்சு முடிவெடுப்பியளோ? வடிவான ஏற்பாடு. வல்வெட்டித்துறையிலை கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938ல் அமெரிக்காவிலை குளொஸ்டர் துறைமுகம் மட்டும் போய்ச் சேர்ந்தது. பாவங்கள், அவையளுக்கு வாட்சப் குறூப் இருக்கேல்லை. ஆரோ ஒருத்தன்ரை சொல்லுக்குத்தான் பாய் ஏறி இறங்கியிருக்கும். உங்களிலை ஒருத்தன் 'பாயை இறக்கு' எண்டு கத்த, மற்றவன் 'பொறு மச்சான், ஒரு படம் எடுப்பம்' எண்டால், படம் நல்லாய்த்தான் வரும். ஆர் கொண்டுவந்து காட்டுறது எண்டதுதான் கேள்வி.

இன்னொண்டு. மர வள்ளம் எண்டால் தண்ணி ஊறும். ஓட்டை, ஓட்டை எண்டு குழறாதேங்கோ. காலடியிலை ஒரு பழைய பால்மாப் பேணி கிடக்கும், ஒரு பக்க விளிம்பைச் சுத்தியலாலை தட்டித் தட்டையாக்கினது. பலகையோடை அணைச்சு இழுத்தால் அடிச்சொட்டும் ஏறும். அதை ஆர் பிடிக்கிறது எண்டு கரையிலேயே தீருங்கோ. பாய்க்கயித்துக்கு ஆறு சோடி கை நீளும். பேணியைக் கண்டால் ஆறு பேருக்கும் நாரிப்பிடிப்பு வரும். நான் கண்ட மட்டிலை, கடல்லை முறிஞ்ச சிநேகிதமெல்லாம் உந்தப் பேணியிலைதான் முறிஞ்சது. சத்தி வந்தால் காத்துப் போற பக்கம் குனியுங்கோ. எதிர்ப்பக்கம் குனிஞ்சவனுக்கு அடுத்த தரம் சொல்லித்தரத் தேவையில்லை.

குடிதண்ணி கொண்டுபோங்கோ. வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன மட்டக்குதிரையளே கோடையிலை தண்ணிக்கு அலையிற தீவு அது. நீங்கள் வெறும் போத்தலோடை போய் நிண்டால் அதுகள் என்ன நினைக்கும்? முருகைக்கல் மதில்லை ஏறி நிண்டு படமும் எடுக்காதேங்கோ. சாந்து பூசாமல் அடுக்கின கல்லு, உன்ரை பாரத்துக்குச் சம்மதிக்காது. நேவிக்காரரிட்டைப் பேர் குடுங்கோ. லைப் ஜாக்கெட்டைத் தலையணை ஆக்காமல் போட்டுக்கொள்ளுங்கோ.

புட்டை ஏழு பேருக்கு அவிக்கச் சொல்லு. ஏன் முழிக்கிறாய்? நான் வரேல்லை. எனக்கு இந்த வயதிலை என்ன கடல்? வள்ளக்காரன் சொல்லுறான், சுக்கானுக்குப் பக்கத்திலை ஒரு மண்மூட்டை வைச்சால்தான் வள்ளம் ஆடாமல் ஓடுமாம். மண்ணுக்கு எங்கை போறது? நானே குந்தி இருக்கிறன். சுக்கானிலை சும்மா கையை வைச்சிருப்பன், அவ்வளவுதான். மாமியிட்டை மட்டும் சொல்லிப்போடாதை.