தெரியுதா? இப்ப தெரியுதா?

ரூபவாகினி பிடித்த காலத்திலிருந்தே அண்ணாச்சியை எனக்குத் தெரியும். 1982-இல் இலங்கையில் அந்த ஒளிபரப்பு தொடங்கியதும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மொட்டைமாடிகளில் கம்புகள் முளைத்தன. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் முதல் கம்பு நட்டவர் அவர்தான். கீழே பட்டாசலில் தெருவே உட்கார்ந்து படம் பார்க்கும். அண்ணாச்சி மேலே நின்று ஆன்டெனாவைத் திருகியபடி, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கத்துவார். "போயிட்டு... வந்துட்டு... அப்படியே புடிங்க!" என்போம் நாங்கள். மனுசன் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். படம் முடிந்து எல்லாரும் கலையும்போது இறங்கி வந்து, "புள்ளி இல்லாம வந்துச்சா?" என்று மட்டும் கேட்பார். என்ன படம், யார் நடித்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கம்பு துருப்பிடித்து எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அண்ணாச்சி போகவில்லை. ரவுட்டருக்கு மாறிவிட்டார்.

2005-இல் பிராட்பேண்ட் வந்தபோது வேகம் விநாடிக்கு 256 கிலோபிட். இன்றைக்குக் காலை வணக்கப் படம் ஒன்று முழுசாக வந்து விழுகிற நேரத்தில், அன்றைக்கு அதிலிருக்கும் பிள்ளையாரின் கிரீடம் மட்டும் வரும். அண்ணாச்சி எடுத்த திட்டத்தில் ராத்திரி 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. மார்கழி பஜனைக்குக்கூட எழுந்திருக்காதவர் அலாரம் வைத்து எழுந்தார். விடிய விடிய என்ன இறக்கினார் என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாமே இணைய வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் மென்பொருள்கள்.

அந்தக் காலத்தில் அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. "விண்டோஸ் எக்ஸ்பி இருக்குல்லா வே, அதுல நம்ம வேகத்துல நூத்துக்கு இருவதைக் கம்பெனிக்காரன் பதுக்கி வச்சிருக்கான். நான் போய் எடுத்துத் தாரேன்." தெருவில் ஒரு கம்ப்யூட்டர் விடாமல் ஏறி இறங்கி, ஓர் அமைப்பில் இருந்த 20-ஐ அழித்துப் பூஜ்ஜியம் போட்டுக் கொடுத்தார். கூலி ஒரு காப்பி. மைக்ரோசாஃப்டே பிற்பாடு விளக்கிவிட்டது: ஏதாவது ஒரு நிரல் முன்கூட்டிக் கேட்டால்தான் அந்தப் பங்கு ஒதுக்கப்படும், அதுவும் சும்மா கிடக்கிறபோது மற்றவை எடுத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் ‘மகளிர்’ என்று எழுதிய சீட்டில் பெண்கள் யாரும் ஏறாதபோது நாம் உட்கார்ந்து போவதில்லையா, அது போலத்தான். ஆனால் அண்ணாச்சி கைவைத்த வீடுகளில் எல்லாரும் "ஆமா, இப்ப வேகமாத்தான் இருக்கு" என்றார்கள். நானும் சொன்னேன். காப்பி கொடுத்தாயிற்றே.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. 1492 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தகவல் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். ஒரு பொட்டலத்துக்கு 1500 பைட் வரை இடமுண்டு. நம் ஊரில் பல இணைப்புகள் பயனர் பெயர், கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் வகை. அந்த வகையில் ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் தலைப்புச்சீட்டு ஒன்று ஏறும். "அல்வாப் பெட்டி வே! பெட்டி 1500. அதுக்குள்ள 8-க்குச் சீட்டு வச்சாவணும். அப்ப அல்வா எவ்வளவு? 1492. முழுசா 1500 அல்வாவைத் திணிச்சா என்ன ஆவும்? பெட்டிய ரெண்டாப் பிரிக்கணும், இல்லேன்னா வழியிலயே திருப்பி அனுப்பிருவான்." இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. என்ன, இந்த எண்ணைப் பெரும்பாலான ரவுட்டர்கள் தாமாகவே போட்டுக்கொள்ளும். அதை அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

தினமும் காலையில் அண்ணாச்சி வீட்டில் ஒரு கேள்வி எழும்: இன்றைக்கு ஒன்றா, எட்டா? மதினி இதை ரொம்ப நாள் ஏதோ ஜாதக விஷயம் என்றே நினைத்திருந்தார். விஷயம் முகவரி கேட்கும் இடம் பற்றியது. தளத்தின் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண் முகவரியை யாரிடமாவது விசாரித்தாக வேண்டும். கூகுளின் 8.8.8.8 அப்படி ஒரு விசாரணைக்கூடம், 2009-இல் வந்தது. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 வந்தது 2018-இல், அதுவும் ஏப்ரல் முதல் தேதி. டீக்கடையில் வழி கேட்கிறோம். ஒரு கடைக்காரர் சட்டென்று கை காட்டுவார், இன்னொருவர் கிளாஸைக் கழுவிவிட்டுச் சொல்வார். வித்தியாசம் அவ்வளவுதான். வழி தெரிந்த பிறகு ரோட்டில் மாடு படுத்திருந்தால் டீக்கடைக்காரர் என்ன செய்வார்? அண்ணாச்சியோ திங்கள் ஒன்று, செவ்வாய் எட்டு என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வைஃபை வந்த பிறகுதான் அவர் தெரு முழுவதற்கும் தலைவரானார். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 13 தடங்கள். ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரே நேரத்தில் உட்கார 1, 6, 11 என்று மூன்றுக்குத்தான் வசதி. மூன்றாம் தடத்தில் ஒருத்தன் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் ஒன்றையும் அந்தப் பக்கம் ஆறையும் முழங்கையால் இடிப்பான். அண்ணாச்சி நோட்டுப் புத்தகத்தில் தெருவை வரைந்து வீட்டுக்கு வீடு எண் எழுதினார். வாத்தியார் வீட்டுக்கு 1, எனக்கு 6, அவருக்கு 11. கோடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் 3-இல் இருப்பதைக் கண்டுபிடித்த அன்று, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய்ப் பேசிவிட்டு வந்தார். பெண் கேட்டு வந்திருக்கிறார் என்றே அவர்கள் நினைத்தார்களாம்.

வாத்தியார் வீட்டு மைக்ரோவேவ் அடுப்போடு மட்டும் உடன்பாடு எட்டவில்லை. அதுவும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு அவர்கள் சாம்பாரைச் சுடவைத்தால், இங்கே அண்ணாச்சி முகம் சுண்டிப்போகும்.

பிறகு தாம்பாளம். ரவுட்டருக்குப் பின்னால் எவர்சில்வர் தாம்பாளத்தை நிறுத்தினால் அலை அதில் பட்டு முன்பக்கம் திரும்பும். உண்மைதான், திரும்பியது. பட்டாசலில் கோடுகள் கூடின. தாம்பாளத்தின் முதுகுப்பக்கம் இருந்தது அடுப்படி. அங்கே தோசைக்கல் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து மதினி பார்த்துக்கொண்டிருந்த தொடரில், மாமியார் ஓங்கிய கையோடு உறைந்து நின்றாள். மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு வேண்டும் என்று மதினி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனார். யாருக்கு நிச்சயம் என்று அண்ணாச்சி கேட்கவில்லை, மதினியும் சொல்லவில்லை.

இவ்வளவு கவனிப்பில் வீட்டாருக்கு இணையம் கிடைத்ததா என்றால், எங்கே? நாளுக்குப் பத்துத் தடவை, "ஒரு நிமிசம் எல்லாரும் நிறுத்துங்க, ரீஸ்டார்ட் போடுதேன்" என்று குரல் வரும். பேரனுக்குப் பாடம் பாதியில் நிற்கும். மகள் அலுவலகக் கூட்டத்தில் வாயைத் திறந்தபடி நிற்பாள். கடைசியில் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் போனிலேயே டேட்டா போட்டுக்கொண்டார்கள்.

போன ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு வீடே திருச்செந்தூர் போனது. அண்ணாச்சி மட்டும் போகவில்லை. இரண்டாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார். குரலில் நடுக்கம். போய்ப் பார்த்தால், மடிக்கணினித் திரையில் 94. அவருடையது 100 மெகாபிட் இணைப்பு. அந்த வீட்டில் அதுவரை எழுபதைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை.

"1492-ஐ 1480 ஆக்கினேன் வே. அப்படியே ஏறிட்டு."

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். போன்கள் இல்லை, டிவி அணைந்திருந்தது, வாத்தியார் குடும்பமும் அதே வேனில் போயிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"இவ்வளவு வேகம் வருதுல்லா, ஏதாவது பாப்போம் அண்ணாச்சி" என்றேன். ரூபவாகினி காலத்தில் அவர் வீட்டில் தெருவே பார்த்த பழைய படம் ஒன்றைத் தேடிப் போட்டேன். சுழலவில்லை, புள்ளி இல்லை, பளிங்கு மாதிரி ஓடியது. வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணாச்சி பட்டாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படம் பார்த்தார். கதாநாயகி குடத்தோடு ஆற்றங்கரைக்கு வந்தாள். ஒரு நிமிடம் போயிருக்கும். மெல்லச் சாய்ந்து, பக்கத்துச் சன்னலைத் திறந்து வேகச் சோதனையை மறுபடி ஓடவிட்டார்.

"அதை நிறுத்தும் வே," என்றார் பதறி. "இந்தப் படம் ஓடுனதுல 88-க்கு எறங்கிட்டு."