புள்ளிக்காரர்

டெல்லிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் யாராவது ஒரு பெரும்புள்ளியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். வெறும் புள்ளியைப் பார்க்கப் போகிறவர்களும் இந்த ஊரில் உண்டு. அந்த இனத்தை முனிர்கா பக்கம் காணலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, பால் பூத்தில் கூட்டம் சேரும் முன், குரங்குத் தொப்பியும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுமாக ஒருவர் கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், பேன்ட்டின் வலது கால் மட்டும் கிளிப் போட்டு மடக்கியிருந்தால், ஹேண்டில்பாரில் கைப்பேசி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், அவர்தான். வழிமறிக்காதீர்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் அரை மணி நேரம் பதில் சொல்வார்.

வயது ஐம்பதுக்கு மேல். ராமகிருஷ்ணபுரத்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். அல்லது அப்படி இருந்து ஓய்வு பெற்றவர். ஜாகை டிடிஏ பிளாட்டின் இரண்டாம் மாடி. மலை மந்திரில் கிருத்திகை தவறாது. சைக்கிள், மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. இருபத்தோரு கியர்களில் அவர் பயன்படுத்துவது ஒன்று. அந்த அழகான வண்டியில் கேரியர், மணி, பூட்டுச் சங்கிலி எல்லாம் பொருத்தி, மகன் பார்த்தால் அடையாளம் தெரியாத அளவுக்கு அதை அரசு ஊழியராக்கி வைத்திருக்கிறார்.

இவருடைய வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்குகிறது. நியூயார்க் பங்குச் சந்தை காலை ஒன்பதரைக்குத் திறக்கும்போது நமக்கு மாலை ஏழு, குளிர்காலமானால் எட்டு. அந்த நேரத்துக்கு இவர் டிவி முன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டவ் ஜோன்ஸ் எந்த எண்ணில் தொடங்கியது என்பதைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை குறித்துக்கொள்வார். குறித்ததும் டிவியை அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கவலை இல்லை.

கீழ் பிளாட்காரர் இதை ஜன்னல் வழியே பல வாரம் கவனித்திருக்கிறார். அமெரிக்கச் சந்தையிலேயே பணம் போடுகிற ஆள் இப்படிப் பழைய ஸ்வெட்டரில் அலைகிறாரே என்று அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. ஒருநாள் மாடிப்படியில் மடக்கி, "சார், இப்ப வாங்கலாமா, விக்கலாமா?" என்று கிசுகிசுத்தார். "எனக்குத் தசமம்தான் முக்கியம்" என்றார் இவர். அந்தப் பதிலின் ஆழத்திலிருந்து கீழ் பிளாட்காரர் இன்னும் வெளியே வரவில்லை.

விஷயம் இதுதான். ராண்டல் மன்ரோ என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் 2008 மே மாதம் ஒரு சித்திரம் போட்டார். ஒரு நாளின் தேதியை எழுது. பக்கத்தில் டவ் ஜோன்ஸ் தொடக்க எண்ணை எழுது. இரண்டையும் சேர்த்து எம்டி5 என்ற கணக்குக்குள் போட்டு அரை. எம்டி5 என்பது ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-ல் கணினிப் பாதுகாப்புக்காக வகுத்தது. எதைப் போட்டாலும் அடையாளம் தெரியாமல் ஆக்கித் தரும். வந்த மாவை இரண்டாகப் பிரித்துத் தசம எண்களாக்கி, உன் ஊரின் அட்சரேகைக்கு ஒன்று, தீர்க்கரேகைக்கு ஒன்று என்று ஒட்டு. வருகிற இடத்துக்குப் போ. அங்கே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வேடிக்கையாகப் போட்ட படம். உலகம் முழுக்க ஆட்கள் அதை நம்பி வயலிலும் ஏரியிலும் இறங்கிவிட்டார்கள். இந்தியா கிழக்கே இருப்பதால் நமக்கு முந்தின நாள் தொடக்க எண். ஆகவே வெள்ளி இரவே சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளுக்கும் புள்ளிகள் தயார்.

ஆரம்பத்தில் நம்மவர் விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றினார். டெல்லிக்கு அட்சரேகை 28, தீர்க்கரேகை 77. அந்தக் கட்டம் வடக்கு தெற்காக 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 98. பல்வல் அதற்குள், குர்கான் அதற்குள், மீரட்டும் அதற்குள். ஒரு வாரம் கரும்புத் தோட்டத்தில் விழும். மறு வாரம் யமுனையின் நடுவில். அருகில் எப்போது விழும் என்று கணக்குப் போட்டார். ஜேஎன்யூ வளாகம் ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். சஞ்சய் வனம் சுமார் 780 ஏக்கர். இரண்டும் சேர்ந்தால் ஏழு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கட்டமோ பதினோராயிரம் சதுர கிலோமீட்டரை நெருங்குகிறது. வகுத்தால், வீட்டுப் பக்கத்துக் காட்டில் புள்ளி விழ நாலு வருடத்துக்கு ஒரு வாய்ப்பு.

வேறு ஊர்க்காரராக இருந்தால் அன்றோடு விட்டிருப்பார். 1979-ல் டிடிஏ வீட்டுக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பல பத்தாண்டு காத்திருந்தவர்கள் வாழ்கிற ஊர் இது. நாலு வருடம் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் முழங்கால் காத்திருக்காது. எனவே ஒருநபர் குழு ஒன்றை அமைத்து, அதற்குத் தாமே தலைமை தாங்கி, அறிக்கையைத் தாமே ஏற்று, திருத்தம் கொண்டுவந்தார். அதன்படி முதல் இரண்டு தசமங்கள் அதிர்ஷ்டத்துக்கு விடப்படமாட்டா. 53, 17 என்று நிரந்தர நியமனம். மீதி மூன்று இலக்கங்களை மட்டும் நியூயார்க் தீர்மானிக்கும். இனிமேல் புள்ளி ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள், அநேகமாகச் சஞ்சய் வனத்தின் மேல் விழும். ஐந்தாம் தசமம் என்பது தரையில் ஒரு மீட்டர். "அமைச்சரவை முடிவெல்லாம்கூட இவ்வளவு துல்லியமா இருக்காது சார்" என்பார்.

முனிர்காவிலிருந்து பேர் சராய், கட்வாரியா சராய், அருணா ஆசஃப் அலி மார்க் என்று போனால் காடு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ராத்திரி விழித்த கண்ணோடு டீக்கடையில் நிற்பார்கள். அவர்களுக்கெல்லாம் போக வேண்டிய இடம் திட்டமாகத் தெரியும். போவோமா என்பதுதான் தெரியாது. இவருக்கு நேர்மாறு. கடந்து போகையில் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போவார்.

வாசலில் காவலாளி கேட்பான்: "கிஸ்ஸே மில்னா ஹை?" யாரைப் பார்க்க வேண்டும்? காட்டு வாசலில் கேட்கிற கேள்வியா என்றால், டெல்லியில் எந்த வாசலிலும் இதே கேள்விதான். காவலாளிக்கு வேறு கேள்வி கற்றுத்தரப்படவில்லை. சர்வீஸ் முழுவதும் ஒவ்வொரு பவனிலும் இதற்குப் பதில் எழுதிக் கையெழுத்திட்டவர், நெஞ்சை நிமிர்த்தி "கிஸீ ஸே நஹீன்" என்பார். யாரையும் இல்லை. இந்தப் பதிலைச் சொல்வதற்காகவே அவர் அவ்வளவு தூரம் மிதிக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உள்ளே போனபின் ஓட்டுகிற தூரம் கொஞ்சம், தள்ளுகிற தூரம் அதிகம், தூக்குகிற தூரம் மீதி. பாதை வளைந்து போகும், புள்ளி வளையாது. புள்ளிக்கும் இவருக்கும் நடுவில் நிற்பது சீமைக்கருவேலம். இங்கே விலாயதி கீகர் என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, போன நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ்காரர்கள் தலைநகருக்குப் பச்சை போர்த்த நட்டதிலிருந்து டெல்லி மலைத்தொடரை ஆக்கிரமித்த மரம். பரமக்குடிப் பக்கம் பிறந்த புள்ளிக்காரர் அதைக் கண்டதும் முதலில் உறவு கொண்டாடுவார். அடுத்த நிமிடம் டயர் உஸ்ஸென்று மூச்சுவிடும். கட்வாரியா சராய் பஞ்சர் கடைக்காரருக்கு இவர் நிரந்தர வாடிக்கை. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டபடியே அவர் கேட்பார்: "ஆகே க்யா ஹை, ஸாப்?" அங்கே என்னதான் இருக்கிறது? "குச் நஹீன்." ஒட்டுக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்து வாங்குகிறார், பாவம் பார்த்து.

முள் இல்லாவிட்டால் சரித்திரம். காட்டுக்குள் லால் கோட்டின் மதில் இடிந்து கிடக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் தோமர்கள் எழுப்பியது. ஒருமுறை புள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. டைரியில் இப்படிப் பதிவாகியிருக்கிறது: "புள்ளி 14 மீட்டர் தொலைவில். இடையில் தோமர் மன்னர். மேல் நடவடிக்கைக்காகச் சுற்றுவழி பரிசீலிக்கப்படுகிறது." டைரி முழுவதும் இந்த நடைதான். நீலான் ஒன்று குறுக்கே வந்து நின்றதை "ஆட்சேபணை பெறப்பட்டது" என்றும், அது ஒதுங்கியதை "ஆட்சேபணை திரும்பப் பெறப்பட்டது" என்றும் எழுதியிருக்கிறார்.

புள்ளியை நெருங்கியதும் நடப்பதுதான் உச்சம். மரத்தடியில் ஜிபிஎஸ் பத்து மீட்டர் முன்னே பின்னே தடுமாறும். இவர் கைப்பேசியை நெஞ்சுக்கு நேரே ஏந்தி, இரண்டு அடி இடம், ஓர் அடி பின், அரைவட்டம், மறுபடி இடம் என்று சுற்றுவார். எண்கள் ஒன்றிப் போகும் கணத்தில் உடம்பு ஒருமுறை குலுங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சாமியாடி. பேய் உலவும் காடு என்று சஞ்சய் வனத்துக்கு ஊரில் ஏற்கெனவே பெயர் உண்டு. அந்தப் பெயர் நிலைத்திருப்பதில் நம்மவர் பங்கு எவ்வளவு என்பதை யாரும் ஆராயவில்லை.

எட்டிய இடத்தில் ஒரு கீகர் குச்சி, மயில் எச்சம், சிப்ஸ் பாக்கெட். படம் எடுப்பார், பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொள்வார், "புள்ளி எட்டப்பட்டது, கோப்பு முடிக்கப்பட்டது" என்று எழுதுவார், திரும்புவார்.

எல்லா மதங்களிலும்போல இதிலும் உட்பிரிவு உண்டு. 2020-ல் ரேண்டோநாட்டிகா என்று ஒரு செயலி வந்தது. அதுவும் இடம் சொல்லும், ஆனால் முதலில் மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொல்லும். "இதுக்கு ஒரு கிளியும் கூண்டும் போதுமே!" என்பார் நம்மவர். நினைத்தது கிடைக்கும் என்று ஆசை காட்டுவது எண்ணுக்கு அழகில்லை என்பது அவர் கட்சி.

வீட்டில் இதற்கு வேறு மதிப்பீடு. "பாலும் கறிவேப்பிலையும் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, காலெல்லாம் முள்ளோட பதினோரு மணிக்கு வர்றார். கேட்டா, பாயின்ட் கிடைச்சுடுச்சாம்!" என்று அம்மாள் சிங்கப்பூர் மகளிடம் வீடியோவில் முறையிடுவார். அப்போதுதான் புள்ளிக்காரர் லாம்டனை இழுப்பார். "1802-ல வில்லியம் லாம்டன் நம்ம பரங்கிமலைப் பக்கம் கோடு இழுத்து அளக்க ஆரம்பிச்சான். அதுலருந்துதான் இமயமலை வரைக்கும் அளந்தாங்க. அவன் பொண்டாட்டி பால் கேட்டிருந்தா எவரெஸ்ட்டே கிடையாது, தெரியுமா?" கைப்பேசி கீழே விழுந்து கண்ணாடி உடைந்தாலும் சான்று அங்கிருந்துதான் வரும். அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற நில அளவைக் கருவியை 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியது. லாம்டன் தாமே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். "சரி, நீங்களும் உட்கார்ந்து சரிபண்ணுங்க" என்று அம்மாள் உள்ளே போய்விடுவார்.

திருத்தத்துக்கு முந்தைய காலத்தில் ஒருமுறை, அபூர்வமாக, அசல் விதிப்படியே புள்ளி முனிர்காவுக்குள் விழுந்தது. எதிர் பிளாக்கில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்குள். கதவைத் தட்டினார். "யாரைப் பார்க்கணும்?" "யாரையும் இல்ல சார். உங்க சோபாவுக்குப் பின்னால ஒரு நிமிஷம் நிக்கணும்." செயலாளர் இருபது வருடப் பழக்கம். ஆனாலும், பராமரிப்புக் கட்டண பாக்கிக்குத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறார் என்று நினைத்து, தவணைக்கு ஒப்புக்கொண்டு அனுப்பிவிட்டார். டைரியில் அந்தப் பக்கம் மட்டும் "நிலுவையில்".

எனக்கு இந்த மனிதரின் காரணம் புரியவே செய்கிறது. இவர் வாழ்வில் போய்ச்சேர்ந்த இடமெல்லாம் யாரோ ஒருவர் போட்ட உத்தரவு. குவார்ட்டர்ஸ், டிரான்ஸ்ஃபர், மகளுக்குப் பள்ளி, அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர், ஒரு போன், ஒரு துண்டுச் சீட்டு தேவைப்பட்டது. யாருடைய தயவும் இல்லாமல் அலாட் ஆகிற இடம் இந்த ஐந்து தசமம் ஒன்றுதான். அதில் முள் இருந்தால்தான் என்ன?

இப்போது எதிர்வீட்டுப் பையனும் சைக்கிளோடு சேர்ந்திருக்கிறான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தயங்கித் தயங்கி வந்தான். "அங்கிள், இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் கேட் பக்கமா விழற மாதிரி கொஞ்சம் பார்த்துக்கோங்களேன். பத்து மணிக்கு எனக்குக் கோச்சிங்."

புள்ளிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என் கையில ஒண்ணும் இல்லப்பா. மேலே இருக்கிறவங்க முடிவு பண்றது" என்றார். முப்பது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து தினமும் சொன்ன வாக்கியம்; அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லாமல் அவர் சொன்னது அன்றுதான். பையன் நம்பவில்லை. காலையில் அவன் அம்மா ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தனுப்பினார்.