அரைப்பேர் போட்ட பென்டியம்

1971இல் இன்டெல் 4004 சிப் பிறந்தபோது அதற்குள் இருந்தவை 2,300 டிரான்சிஸ்டர்கள். காலையில் ஆளெடுக்கும் இரண்டு மூன்று தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களங்களைச் சேர்த்தால் அவ்வளவு தலை தேறும். வேர்வையும் இல்லை, விசிறியும் இல்லை. 1989இல் வந்த 486கூட ஆரம்பத்தில் வெறுந்தலையோடு வேலைக்கு வந்த ஆள்தான். அங்கேதான் சிப் துரைமாருக்கு வேக ஆசை பிடித்தது. நேற்று பதினைந்து கிலோ கொழுந்து எடுத்தவளிடம் இன்று இருபது கேட்கிற அதே ஆசை.

1993இல் வந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டைக் குடித்து 66 மெகாஹெர்ட்ஸ் ஓடியது. தலையில் விசிறி ஏறியது. பிறகு எல்லாம் ஓட்டப்பந்தயம். சூடு தாங்காமல் செத்தால்? வேறு வாங்கு.

இத்தனைக்கும் ஜேம்ஸ் வாட் 1788லேயே நீராவி எஞ்சினில் சுழலும் இரண்டு குண்டுகளை மாட்டிவிட்டார். வேகம் கூடினால் குண்டுகள் விரியும், விரிந்தால் நீராவி குறையும். இரும்புக்கு இருந்த புத்தி சிலிக்கனுக்கு வர இருநூறு வருடம் பிடித்தது.

2001இல் தாமஸ் பாப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் ஒரு காரியம் செய்தார். படித்தது வைத்தியம், செய்தது சித்திரவதை. 'குவேக் 3' விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிப்பின் தலையிலிருந்த விசிறியையும் சூட்டை இறக்கும் அலுமினியக் கட்டியையும் பிடுங்கினார். ஏஎம்டியின் அத்லான் 300 டிகிரி தாண்டி, புகைவிட்டு, போய்ச் சேர்ந்தது. பென்டியம் 3 திகைத்து நின்றுவிட்டது. பென்டியம் 4 மட்டும் சாகவில்லை. படம் நத்தையாக ஊர்ந்தது; கட்டியைத் திரும்ப வைத்ததும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது.

அது என்ன செய்தது என்பதை இன்டெல்லின் கலிபோர்னியாக்காரருக்கு விளக்கப் பக்கம் பக்கமாக வேண்டும். நமக்கு ஒரே சொல் போதும்: அரைப்பேர், அதாவது செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் விழும் அரைநாள் பேர். உள்ளே இருக்கும் வெப்ப உணரி எல்லையைத் தொட்டதும் சிப் தன் கடிகாரத் துடிப்பையே விட்டுவிட்டு நிறுத்தும். மைக்ரோ விநாடிக் கணக்கில் கொஞ்சம் வேலை, கொஞ்சம் சும்மா. அதற்கும் அடங்காமல் சுமார் 135 டிகிரிக்குப் போனால், மின்சாரத்தையே வெட்டச் சொல்லிக் கையை உயர்த்திவிடும். பின்னால் வந்தவை இன்னும் கெட்டிக்காரத்தனமாக வேகத்தோடு மின்னழுத்தத்தையும் குறைத்தன. சூடு அழுத்தத்தின் இருமடியோடு ஏறுவதால், அழுத்தத்தில் கொஞ்சம் குறைத்தாலே நிறைய ஆறும். இன்று பல சிப்புகளின் எல்லை 100 டிகிரியை ஒட்டி நிற்கிறது. தேயிலை ஸ்டோரில் டிரையருக்குள் போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய அதேதான்.

2004இல் அந்த வேக ஓட்டப்பந்தயத்தில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியமே வேண்டாமென்று கைவிட்ட இன்டெல் பெரிய துரை கிரேக் பாரெட், மேடையில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். துரை முழங்காலிட்டு நம் தோட்டங்களில் யாரும் பார்த்ததில்லை.

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பென்டியம் 4 இறக்குவானைப் பக்கம் எங்கள் லயத்துக் காம்பிராவுக்கு வந்தது அதற்குச் சில வருடம் கழித்து. மூன்று மாதத்தில் ஆமையானது. பக்கத் தகட்டைக் கழற்றினேன். விறகடுப்புக் கரியும் தூசியும் சேர்ந்து விசிறிக்கடியில் கம்பளிபோலப் படிந்திருந்தன. கட்டியைத் தூக்கினால், சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தாத்தாவின் வெற்றிலைப் பையில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருக்காக உதிர்ந்தது.

முப்பது வருடம் கங்காணி வேலை பார்த்த தாத்தா எட்டிப் பார்த்தார்.

"என்னடா தம்பி, செத்துப்போச்சா?"

"இல்ல தாத்தா. சூடு கூடுனதும் அதுவே வேலையக் கொறைச்சிக்கிச்சு."

"அதுவேவா? யாரக் கேட்டு?"

சொல்லிப் பார்த்தேன். வெற்றிலையை மென்றபடி கேட்டார். அவர் காலத்தில் வெயில் ஏறியதென்று கூடையை இறக்கியவளுக்குச் செக்ரோலில் என்ன விழுந்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

"அப்ப இதுக்கு என்ன பேர் போடுவ?"

"அரைப்பேர்தான்."

"அப்பன்னா," என்றார் தாத்தா, "கரண்ட் பில்லும் பாதிதான வந்திருக்கணும்?"